பதினான்காம் தேதிக் கூட்டம்

விசாரணை அலுவலகத்திலிருந்து வந்த உறையைக் கிழித்துப் படித்ததும் டெல்பினாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மார்ச் பதினான்காம் தேதி பராங்காய் என்னும் ஊராட்சி மன்றக் கூட்டமே நடக்கவில்லை என்று அதில் இருந்தது. நடந்ததாகக் குறிப்பு எழுதி, சரியென்று சான்றளித்தவர் செயலாளர் டெல்பினா பதர்நால். அதை ஏற்றுக் கையெழுத்திட்டவர் தலைவர் ரொகாசியானோ. இருவரும் பொது ஆவணத்தைப் பொய்யாகப் புனைந்த குற்றத்துக்கும் ஊழலுக்கும் பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும். புகார் கொடுத்தவர் மன்ற உறுப்பினர் தியோதுலோ.

நடக்கவில்லையா? அவளுக்கு அந்தக் கூட்டம் நன்றாக நினைவிருந்தது. ஆற்றில் மணல் அள்ள ஒரு கம்பெனிக்கு ஆட்சேபணை இல்லை என்று தீர்மானம் போட்டார்கள். "என் எருமை புரள்ற குட்டைய மட்டும் விட்டுவைங்கப்பா, மத்தத எல்லாம் அள்ளிக்கிட்டுப் போங்க" என்று தியோதுலோ சொல்ல, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் அவள் காதில் இருந்தது. பதினோரு வருடமாகக் குறிப்பு எழுதுகிறவள், இல்லாத சிரிப்பையா கேட்டிருப்பாள்?

ஆனால் புகாரோடு ஒரு மருத்துவமனைச் சீட்டின் நகலும் இருந்தது. மார்ச் பதிமூன்று முதல் பதினாறு வரை தியோதுலோ இலோய்லோ நகரத்தில் சிறுநீரகக் கல்லுக்காகப் படுத்திருந்தார்.

டெல்பினா அந்தத் தேதிகளை மூன்று முறை விரல்விட்டு எண்ணினாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனாள்.

முற்றத்தில் இரண்டு லாரிகள் நின்றன. இரண்டும் மருமகன் பெயரில் வாங்கியவை, மணல் கம்பெனிக்கு ஓடுபவை. ரொகாசியானோ வேட்டைக்காரத் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஒரு சக்கரத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.

"காப், அந்தக் கூட்டம் நடந்துச்சா இல்லையா?" கேப்டன் என்பதைச் சுருக்கி ஊரே தலைவரைக் காப் என்றுதான் கூப்பிடும்.

"என்ன இண்டாய் இப்படிக் கேக்குற? நீதானே எழுதின. நடக்காமலா எழுதுவ?"

"மனோங் தியோ அன்னிக்கு ஆஸ்பத்திரியில இருந்திருக்காரு." வயதில் மூத்த ஆணை மனோங், பெண்ணை மனாங், இளையவளை இண்டாய் என்று அழைப்பது அந்த ஊர் வழக்கம்.

"வருகைத் தாள்ல அவன் கையெழுத்து இருக்கே! வயித்துல கல்லு வந்தவனுக்கு தலையிலயும் கல்லு வந்துருச்சு போல." அவர் சிரித்தார். பிறகு உள்ளே போய் ஒரு தாளைக் கொண்டுவந்தார். "என் வக்கீல் என் பதில் மனுவ அடிச்சுக் குடுத்துட்டாரு. நீயும் ஒண்ணு போட்டுரு."

அவள் படித்தாள். 'என் செயலாளர் தயாரித்துத் தந்த ஆவணத்தை நல்லெண்ணத்தில் நம்பிக் கையெழுத்திட்டேன். அதில் பிழை இருந்தால் நான் அறியேன்.'

"காப், இதுல எல்லாம் நான் செஞ்ச மாதிரி இருக்கே."

"செஞ்சது நீதானே? நான் என்ன டைப் அடிச்சேனா?" என்றார் அவர். அவர் முகத்தில் கள்ளத்தனம் எதுவும் தெரியவில்லை. அதுதான் அவளை இன்னும் குழப்பியது.

தியோதுலோவின் வீட்டுக்கு ஆற்றங்கரை வழியாகத்தான் போக வேண்டும். போன மழைக்குக் கரை சரிந்தபோது அவருடைய அடுப்பங்கரை அப்படியே ஆற்றுக்குள் போய்விட்டது. பின்சுவர் இல்லாத வீட்டில் தார்ப்பாய் அடித்துக்கொண்டிருந்தது. அவள் திட்டு வாங்கத் தயாராகத்தான் போனாள். அவரோ நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"உக்காரு டெல்பி. உன்மேல கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனாலும் உக்காரு."

"மனோங், எருமைக் குட்டைன்னு நீங்க சொன்னீங்களே. அது என் மனசுல அப்படியே இருக்கு. நானா கற்பனை பண்ணேன்?"

அவர் தார்ப்பாயின் ஓரத்தை இழுத்துக் கட்டினார். "சொன்னேன். ஆர்செனியா செத்த வீட்டுல சொன்னேன். பொணத்துக்குக் காவலா முழிச்சிருந்து சீட்டு ஆடிக்கிட்டு இருந்தோம்ல? காப் வந்து மணல் வண்டிய பத்திக் கேட்டான். நீ பிஸ்கட் தட்ட வச்சுக்கிட்டு நின்ன."

அவளுக்குக் கண்ணை மறைத்திருந்த எதுவோ கலைந்தது. பன்னிரண்டாம் தேதி. துக்க வீடு. மன்ற உறுப்பினர்கள் நாலு பேர் ஒரே மேசையில் இருந்தார்கள். சிரிப்பு அங்கே எழுந்ததுதான். பதினைந்தாம் தேதி காலையில் தலைவர் அவள் மேசையைத் தட்டி, "அன்னிக்குப் பேசினோமே, அத எழுதிரு. நேத்து தேதி போட்டுக்க" என்றதும், அவள் மறுபேச்சில்லாமல் எழுதியதும் நினைவுக்கு வந்தன. உறுப்பினர்கள் வயல் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் மாதத் தொடக்கத்திலேயே வெற்றுத் தாள்களில் கையெழுத்து வாங்கிவைப்பது வழக்கம். அதில் ஒன்றைச் சேர்த்துத் தைத்திருந்தாள்.

"அப்போ கூட்டம் நடந்துச்சுன்னு சொல்லலாமா, மனோங்? நாலு பேர் இருந்தீங்க. பேசினீங்க."

"பொணத்த நடுவுல வச்சுக்கிட்டு சீட்டாடுறது கூட்டமா, டெல்பி?" என்று கேட்டவர், உடனே குரல் தாழ்த்தினார். "வெறுந்தாள்ல கையெழுத்துப் போட்டவன் நானும்தான். என்னையும் சேத்துப் பிடிப்பாங்களா?"

அவளுக்குத் தெரியவில்லை. புகார் கொடுத்தவரும் குற்றம் சாட்டப்பட்டவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்தார்கள்.

அரசு இலவச வக்கீலாக வாய்த்தவள் ஹினோலான் என்ற இளம்பெண். "உங்களுக்கு இதுல ஏதாவது கெடச்சுச்சா, மனாங்?" என்று கேட்டாள்.

"ஒரு குத்தூசி மெஷின். அதுவும் ஆபீஸுக்கு."

"ஆவணப் புனைவுக்கு லாபம் தேவையில்ல. கலந்துக்காதவங்க கலந்துக்கிட்டதா எழுதினாலே போதும். சிறைதான். காப்போட கதையைச் சொல்லலாம், இல்ல நடந்ததைச் சொல்லலாம். நடந்ததைச் சொன்னா சாட்சியா மாத்தக் கேட்டுப் பாப்பேன். உறுதி கிடையாது."

"நடந்தது என்னன்னு எனக்கே தெளிவா இல்லையே, அட்டர்னி. நான் பொய் எழுதணும்னு எழுதல. எழுதி முடிச்சதும் அதுதான் நடந்ததுன்னு நம்பிட்டேன்."

"'நம்பிட்டேன்'ங்கறத எடுத்துருங்க. நல்லா இருக்காது."

அந்த ஒரு சொல்லை மட்டும் டெல்பினா எடுக்கவில்லை. ஊராருடைய பேச்சையெல்லாம் அரை மணியில் எழுதிவிடுகிறவள், தன் மனுவை எழுத நாலு நாள் எடுத்துக்கொண்டாள்.

வழக்கு நீதிமன்றத்துக்கு வர இரண்டு வருடமானது. தலைவரைவிட இவள் குற்றம் குறைவு என்று சொல்லி அவளைக் குற்றம் சாட்டப்பட்டவர் பட்டியலிலிருந்து நீக்கி அரசுத் தரப்புச் சாட்சியாக்கினார்கள். தலைவரின் வக்கீல் நரைத்த மீசைக்காரர், பதற்றமே இல்லாமல் கேட்டார்.

"மணல் பத்திப் பேச்சு நடந்துச்சா?"

"நடந்துச்சு."

"உறுப்பினர்கள் இருந்தாங்களா?"

"நாலு பேர்."

"தியோதுலோ ஆட்சேபணை இல்லன்னு சொன்னாரா?"

"சொன்னாரு. விளையாட்டுக்கு."

"அப்போ, அம்மா, இந்தக் குறிப்புல எந்த வரி பொய்? விரல வச்சுக் காட்டுங்க."

அவள் தாளை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தாள். ஒவ்வொரு வரியையும் யாரோ எங்கேயோ சொல்லித்தான் இருந்தார்கள். அவள் விரல் தாளின் மேல் அலைந்து அலைந்து நின்றது.

"ஒவ்வொண்ணா பாத்தா எதுவும் பொய் இல்ல, சார். சேத்துப் பாத்தா அப்படி ஒரு கூட்டம் இல்ல."

நீதிபதி நிமிர்ந்து, திரும்பச் சொல்லச் சொன்னார். இரண்டாம் முறை அவளுக்கு அவ்வளவு சரியாகச் சொல்ல வரவில்லை.

லாரிகளின் பதிவுச் சீட்டுகள்தான் கடைசியில் தலைவரை மாட்டிவிட்டன. தீர்மானம் போட்ட பத்தாம் நாள் வாங்கப்பட்டவை அவை. இரண்டு குற்றங்களுக்கும் சேர்த்துச் சிறையும், இனி எந்த அரசுப் பதவிக்கும் வரக்கூடாது என்ற தடையும் விதித்தார்கள். அவர் மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொன்னார். வெற்றுத் தாளில் கையெழுத்திட்டதற்காகத் தியோதுலோவை ஆறு மாதம் பதவியிலிருந்து விலக்கிவைத்தார்கள். டெல்பினாவுக்குச் சிறை இல்லை, ஆனால் துறை விசாரணையில் வேலை போயிற்று.

தீர்ப்பன்று நீதிமன்ற வராந்தாவில் தலைவரின் மனைவி அவளை வழிமறித்தாள். அடிப்பாளோ என்று டெல்பினா ஒரு அடி பின்வாங்கினாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ. நீ குடுத்த பேப்பர எல்லாம் நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன்னு அவர் வீட்டுலயும் சொல்றாரு. என் மூஞ்சியப் பாத்துச் சொல்றாரு. அது நெசமா?"

டெல்பினா யோசித்தாள். பதினோரு வருடத்தில் அவர் ஒரு தாளைக்கூட வாசித்து அவள் பார்த்ததில்லை.

"நெசந்தான், மனாங்" என்றாள்.

அந்தப் பெண் வழியை விடவில்லை. "அப்புறம் எதுக்கு அவர உள்ள வைக்கிறாங்க?" என்று கேட்டாள்.

டெல்பினா பதில் சொல்ல வாயெடுத்தாள். "அத எழுதச் சொன்னதும் அவர்தான், மனாங்" என்று தொடங்கினாள்.