ஓடக் கூடாத இடம்

கெசியா ஊசியை அண்ணன் ஒடெலின் தொடையில், பேன்ட்டோடு சேர்த்துக் குத்தி அழுத்திப் பிடித்தாள். குளவி விஷம் அவன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது; கொட்டிய கழுத்து உப்பிப்போய், உதடு தடித்துக் கிடந்தது. மருந்து இறங்கியதும் மூச்சு கொஞ்சம் வழிக்கு வந்தது.

"ஏண்டி, கொலைவெறியில குத்தற?" என்றான் ஒடெல். சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். கெசியாவால் சிரிக்க முடியவில்லை. பையில் இன்னொரு ஊசி இல்லை.

அட்லாண்டாவிலிருந்து பிள்ளைகளை இந்த மலைக்குக் கூட்டிவருவது ஒடெலின் வேலை. வேலை என்பதைவிடப் பிடிவாதம் என்று சொல்லலாம். கறுப்புப் பிள்ளைகளும் மெக்சிகோக்காரப் பிள்ளைகளும்தான் வருவார்கள். "காடு வெள்ளைக்காரங்களுக்குத்தான்னு எவன் எழுதிக் குடுத்தான்?" என்பான். அம்மா வெர்னாவுக்கு இது ஆகவே ஆகாது. காட்டுக்குள் போன நம் கறுப்பு ஆட்கள் திரும்பி வந்த கதையை அவள் கேட்டதே இல்லை.

அம்மாவுக்காகவே அவன் சில சட்டங்கள் வைத்திருந்தான். வீடுகளைத் தாண்டும்போது உரக்கப் பாட வேண்டும், பிள்ளைகள்தான் வருகிறார்கள் என்று தெரியட்டும். கை வெளியே தெரிய வேண்டும். முக்கியமாக, ஓடக் கூடாது. "நம்மாளு ஓடினா, எதையோ திருடிட்டு ஓடறான்னுதான் நெனப்பாங்க."

கொஞ்ச நேரத்தில் ஒடெலின் மூச்சு மறுபடி விசிலடித்தது. போனில் சிக்னல் இல்லை. கீழே சரிவில் ஒரே ஒரு வீடு. உள்ளே வந்தால் சுடப்படும் என்று வேலியில் பலகை தொங்கும் வீடு. காலையில் அதைத் தாண்டும்போது தொண்டை கிழியப் பாடியிருந்தார்கள்.

பதினாலு வயசு யெசேனியா ஒடெலை மூட்டைகளின்மேல் சாய்த்து உட்காரவைத்தாள். "நீ போக்கா. அண்ணனையும் இவங்களையும் நான் பாத்துக்கறேன். போ!"

மரங்கள் மறைத்தவரை கெசியா ஓடினாள். கூரை தெரிந்ததும் கால்கள் தாமாகவே நடைக்கு இறங்கின. வேலிக்கதவிலிருந்து வாசல்வரை புல்வெளி நீண்டு கிடந்தது. அண்ணன் செத்துவிடுவானோ என்ற பயமா, தன்னைச் சுட்டுவிடுவார்களோ என்ற பயமா, அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பாடினாள். பாட்டில் ஒரு வரிக்குமேல் நினைவுக்கு வரவில்லை. அதையே திரும்பத் திரும்பக் கத்தியபடி நடந்தாள். நாய் குரைத்தது.

கதவைத் திறந்தவர் வெள்ளைக்காரக் கிழவர். கையிலிருந்த துப்பாக்கி தரையைப் பார்த்திருந்தது.

"எங்கண்ணனுக்கு மூச்சு வரல சார். மேல... சின்னப் பிள்ளைங்க இருக்காங்க. ஆம்புலன்சுக்கு..."

"ஆம்புலன்சுக்குப் போன் போடு!" என்று அவர் உள்ளே பார்த்து மனைவியிடம் கத்தினார். பிறகு இவளைப் பார்த்தார். "ஏம்மா, ஜன்னல்லேருந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன். இவ்ளோ அவசரத்தை வச்சுக்கிட்டு ஆடி அசைஞ்சு வர்றியே, ஓடி வரக் கூடாதா?"

கெசியா துப்பாக்கியைப் பார்த்தாள்.

ஆம்புலன்ஸ்காரர்களோடு மேலே போனபோது யெசேனியா இன்னும் ஒடெலின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். அவர்கள்தான் அவள் கையைப் பிடித்து எடுத்தார்கள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்த வெர்னா, மகன் முகத்தை மூடியிருந்த துணியை விலக்கிப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். அம்மா என்ன கேட்பாள் என்று கெசியாவுக்குத் தெரியும்.

"அந்த வீட்டுக்கு நீயா தனியாப் போன?"

"ஆமாம்மா."

"ஓடினியா?"

"இல்லம்மா. நடந்துதான் போனேன்."

அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். விழவில்லை.

"நல்லது" என்றாள் வெர்னா. வாய் கோணியது. "நல்லதுடி, தங்கம்."

பிறகு அவள் தரையில் உட்கார்ந்து, மகளின் காலுறையில் அப்பியிருந்த முள்விதைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். எங்கே போடுவது என்று சுற்றும் பார்த்துவிட்டு, கைக்குள்ளேயே மூடி வைத்துக்கொண்டாள்.