பச்சை உடையில் வந்த வெள்ளிக்கிழமை

பச்சை நாள் செவ்வாய்க்கிழமையே முடிந்துவிட்டது. இலை, கிளி, வெள்ளரிக்காய் என்று படம் வரைந்து சுவரில் ஒட்டி, அதன் ஓரங்கள் விசிறிக் காற்றில் பிய்ந்து தொங்கவும் ஆரம்பித்திருந்தன. வெள்ளிக்கிழமை காலை இரண்டாம் வகுப்பு வாசலில் கவியா பச்சைப் பாவாடை, பச்சை ரிப்பன், பச்சைக் கண்ணாடி வளையலுடன் வந்து நின்றாள். மற்ற இருபத்தாறு பிள்ளைகளும் சீருடையில் இருந்தார்கள். அவளைப் பார்த்ததும் வகுப்பே சிரித்தது.

வகுப்பு டீச்சர் சிவப்ரியா சிரிப்பை அடக்கச் சொல்லிக் கையைத் தட்டினாள். அவளுக்கே குழப்பமாக இருந்தது. பாவாடையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. வளையல் புதிது. மறந்துபோன வீட்டுப் பிள்ளை இப்படி வராது. இது யாரோ ஒருத்தி பக்கத்தில் நின்று, பார்த்துப் பார்த்து அனுப்பிய பிள்ளை. நாள் மட்டும்தான் தப்பு.

இது முதல் தடவையும் இல்லை. எண்ணிப் பழகப் பத்துப் புளியங்கொட்டை கொண்டுவரச் சொன்னபோது, கவியா மூன்று நாள் கழித்துக் கழுவிக் காயவைத்த பதினொன்றைக் கொண்டுவந்தாள். ஒன்று தொலைந்தால் இருக்கட்டும் என்று அம்மா கூடுதலாகப் போட்டாளாம். அதற்குள் வகுப்பு கழித்தலுக்குப் போயிருந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் டைரி கிடையாது. எல்லாம் போனில்தான். பெற்றோர் குழு ஒன்று முதலில் இருந்தது. மழை விடுமுறை என்று யாரோ கிளப்பிவிட்ட புரளியில் பாதிப் பள்ளிக்கூடம் காலியான நாளில் தலைமையாசிரியர் அம்பலவாணன் அதைக் கலைத்துவிட்டார். அதற்குப் பிறகு சிவப்ரியா தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குக் குரலில் பதிவுசெய்து ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக அனுப்புகிறாள். படிக்கச் சிரமப்படுகிறவர்களும் இருக்கிறார்களே என்றுதான் குரல். இன்றைக்கு என்ன நடத்தினோம், வீட்டில் என்ன பார்க்க வேண்டும், நாளைக்கு என்ன கொண்டுவர வேண்டும். ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் போகாது. கோவில்பத்து வாடகை வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பேசுவாள். வானொலியில் பேசுவது மாதிரி அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

கவியாவின் வீட்டு எண்ணிலிருந்து பதில் வராமல் இல்லை. அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய குழப்பம். இரண்டு மூன்று நாள் ஒன்றும் இருக்காது. பிறகு ஒரே மூச்சில் நாலு பதில் வந்து விழும். ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஆம்பளைக் குரல். ஒருவர் மரியாதையாகச் சரிங்க டீச்சர் என்பார். இன்னொருவர் பின்னால் யாரோ சிரிக்க, மூன்றாம் வாய்ப்பாட்டை முப்பது வரைக்கும் பிழையில்லாமல் ஒப்பிப்பார். ஒரு தடவை ஒரு குரல் கேட்டது:

"டீச்சர், அந்தக் கழித்தல் கணக்க இன்னொரு தடவ சொல்லுங்க. எஞ்சின் சத்தத்துல காதுல விழல."

எந்த எஞ்சின்? சிவப்ரியா திருநள்ளாறு பக்கத்து நெல் விவசாயக் குடும்பம். எஞ்சின் என்றால் அவளுக்குத் தெரிந்தது வயலில் தண்ணீர் இறைக்கிற எஞ்சின்தான். சேர்க்கைப் படிவத்தில் தகப்பன் பெயர் நெடுமாறன், தொழில் கூலி, ஊர் கருக்களாச்சேரி என்று இருந்தது. அந்தக் குரல்களை ஒன்றாம் வகுப்பு ஷிஃபா டீச்சரிடம் போட்டுக் காட்டினாள். ஷிஃபா இரண்டு தடவை கேட்டுவிட்டு, "உங்களுக்கு முதியோர் கல்வி மாணவர்கள் சேர்ந்திருக்காங்க போல. பரீட்சை வையுங்க," என்றாள்.

பச்சைப் பாவாடையைப் பற்றிச் சிவப்ரியா கவியாவிடமே கேட்டாள். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, டீச்சர்தான் நாளைக்கு என்று சொன்னீர்களாம், அப்பா நேற்றுச் சொன்னார் என்றது. சிவப்ரியா போனை எடுத்துப் பார்த்தாள். திங்கட்கிழமை சாயங்காலம், அவள் குரலில், நாளைக்குப் பச்சை நாள். சரியாகத்தான் இருந்தது. இரண்டும் சரியாக இருந்தால் தப்பு எங்கே இருக்கிறது?

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகவே இருந்திருக்கும், வகுப்பு நாள் வராமல் இருந்தால். பத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெற்றோர் முன்னால் பிள்ளைகள் தாங்கள் படித்ததைச் செய்து காட்ட வேண்டும். எல்லோரையும் வரவேற்று முதலில் பேசுவதற்குக் கவியாவைத்தான் சிவப்ரியா தேர்ந்தெடுத்திருந்தாள். அந்தக் குரல் கடைசி பெஞ்சுவரை கணீரென்று போகும். இன்னும் பத்து நாள், வெள்ளை உடை, நீல ரிப்பன் என்று பச்சை நாள் முடிந்த மறுவாரம், ஒன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமையே செய்தியும் அனுப்பியாயிற்று.

அம்பலவாணன் சாருக்கு அதில் நம்பிக்கை இல்லை. வட்டாரத்திலிருந்து அதிகாரி வருகிறார், முதலில் பேசவேண்டிய பிள்ளையே மூன்று நாள் கழித்து வந்தால் என்ன செய்வது என்று கேட்டார். அதே வகுப்பு அர்ஷியாவுக்குக் கொடுத்துவிடுங்கள், அந்த வீட்டில் சொன்னால் சொன்னபடி நடக்கும் என்றார். புதன்கிழமை மத்தியானம் ஒத்திகைக்குக் கூப்பிட்டபோது கவியாவும் எழுந்திருக்கவில்லை. பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான் எப்ப வந்தாலும் தப்பா வர்றேன் டீச்சர். அர்ஷியாவே பேசட்டும்."

ஏழு வயசுப் பிள்ளை அதை அழாமல் சொன்னதுதான் சிவப்ரியாவை உலுக்கியது. அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிச் செய்தியைத் தள்ளிவைத்துவிட்டு ஸ்கூட்டரைக் கருக்களாச்சேரிக்கு விட்டாள்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கொடியில் பச்சைப் பாவாடை காய்ந்துகொண்டிருந்தது. கவியாவின் அம்மா அமுதம் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, டீச்சரே வந்துவிட்டீர்களே என்று சந்தோஷப்பட்டாள். சிவப்ரியா விஷயத்தைச் சொன்னதும் அந்த முகம் மாறிவிட்டது.

"நாங்க என்ன டீச்சர் பண்றது? நீங்க நாளைக்குங்கிறீங்க, நாளைக்கு அனுப்புறேன். அன்னிக்குப் போனா பிள்ளைங்க சிரிக்குதுங்களாம். வீட்டுக்கு வந்து சோறு திங்கல அது."

"செய்திய நீங்க எப்ப கேட்டீங்க?"

"நான் எங்க கேக்குறேன்? எங்கிட்ட இருக்கிறது இது." பட்டன் போன் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். "சேக்கும்போது வாட்சப் நம்பர்தான் வேணும்னாங்க. அது அவங்ககிட்டதான் இருக்கு. போட்டுல."

"எந்த போட்டுல?"

அமுதம் அவளை விசித்திரமாகப் பார்த்தாள். கடலைப் பற்றி ஒருத்திக்கு ஒன்றுமே தெரியாமல் இருக்க முடியும் என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது போலிருந்தது. பிறகு பிள்ளைக்குச் சொல்வது மாதிரி நிதானமாகச் சொன்னாள். விசைப்படகில் எட்டுப் பேர். போனால் மூன்று நாள், நாலு நாள் கடலிலேயே தங்கி மீன்பிடித் தொழில். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் போனில் ஒன்றும் வராது. திரும்பி வரும்போது, கரைக்கு ரெண்டு மணி நேரம் இருக்கையில் போனுக்கு உயிர் வரும். டீச்சர் பேசினதெல்லாம் மொத்தமாக வந்து விழும். அதைச் சத்தமாகப் போட்டு எட்டுப் பேரும் கேட்பார்கள். முத்தமிழ் என்று ஒரு பையன், எட்டாம் வகுப்போடு நின்றவன், வாய்ப்பாடெல்லாம் அவன்தான் ஒப்பிப்பானாம். கேட்டு முடித்ததும் நெடுமாறன் மனைவியைக் கூப்பிட்டு, நாளைக்குப் பச்சைப் பாவாடையாம் என்று சொல்வார்.

"அவங்க கேட்ட அன்னிக்குத்தானே டீச்சர் நாளைக்கு?" என்றாள் அமுதம்.

சிவப்ரியா தண்ணீர் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு அவள் அனுப்பிய ஒவ்வொரு ‘நாளைக்கு’ம் கடலில் மிதந்து, ஊறி, வேறு ஒரு கிழமையாகக் கரை சேர்ந்திருக்கிறது. அவள் வீட்டில் சொன்ன ‘நாளைக்கு’ எப்போதும் மறுநாள் காலையில்தான் வந்தது. வேறு மாதிரி வரமுடியும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

வகுப்பிலும் சொல்கிறோமே, பிள்ளை வந்து சொல்லவில்லையா என்று கேட்டாள். சொல்லும்தான் என்றாள் அமுதம். ஜூலையில் ஒரு நாள் நாளைக்கு லீவு என்று சொல்லி ஏமாற்றிவிட்டது. அதிலிருந்து டீச்சர் வாயால் சொன்னால்தான் கணக்கு என்று வைத்திருக்கிறாள்.

அப்போதுதான் சுவரில் தொங்கிய நாள்காட்டியைச் சிவப்ரியா பார்த்தாள். இருபத்திரண்டாம் தேதி திங்கட்கிழமையைச் சுற்றிப் பேனாவால் பெரிய வட்டம். அது என்ன என்று கேட்டாள்.

"வகுப்பு நாளு. இன்னும் பத்து நாள்னு நீங்கதானே சொன்னீங்க. போன வெள்ளிக்கிழமை கேட்டுச் சொன்னாங்க. எண்ணி வட்டம் போட்டேன்." அமுதத்தின் குரல் இறங்கிவிட்டது. "அன்னிக்குத் தொழிலுக்குப் போகலன்னு போட்டுல எல்லாரும் பேசி வச்சிருக்காங்க டீச்சர். எட்டுப் பேரும் வர்றதாம். அது பேசுறதக் கேக்கணுமாம்."

வெள்ளிக்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. படகு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் போயிருந்தது.

வியாழக்கிழமை காலை அம்பலவாணன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்தார். கேட்ட நாள், சொன்ன நாள் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்து நடுவில் விட்டுவிட்டார். விழாவைத் திங்கட்கிழமைக்கு மாற்ற முடியாது, அதிகாரிக்குச் சொல்லியாயிற்று என்றார். கடைசியில், "அந்தப் பிள்ளை நாளைக்குச் சரியான உடையில சரியான நேரத்துக்கு வரட்டும். வந்தா பேசட்டும். ஒன்பதரைக்கு இல்லன்னா அர்ஷியாதான்," என்றார். சொல்லிவிட்டுச் சந்தேகம் வந்து, "நாளைக்குன்னா வெள்ளிக்கிழமை," என்று சேர்த்துக்கொண்டார்.

அன்று மாலை சிவப்ரியா பதிவுசெய்யும்போது நாளைக்கு என்ற இடத்தில் மூன்று தடவை நிறுத்தி அழித்தாள். பத்தொன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி என்று சொன்னாள். உடனே ஏழு பெற்றோர் கூப்பிட்டார்கள். விழா நாளைக்கு என்றல்லவா இருந்தது, பத்தொன்பதாம் தேதிக்குத் தள்ளிப்போட்டுவிட்டீர்களா என்று ஒருவர் கேட்டார். அவர் கேட்டதைப் புரிந்துகொள்ளவே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நெடுமாறன் எண்ணுக்கு எதிரே மட்டும் ஒற்றை டிக்.

வெள்ளிக்கிழமை ஒன்பது இருபதுக்கு அமுதம் வந்தாள். பின்னால் கவியா, வெள்ளைக் கவுன், நீல ரிப்பன். வகுப்பு வாசலில் நின்று முதலில் மற்ற பிள்ளைகளைப் பார்த்தாள். எல்லோரும் வெள்ளை என்று தெரிந்த பிறகுதான் காலை உள்ளே வைத்தாள். அர்ஷியா நகர்ந்து இடம் கொடுத்தாள்.

ஆனால் பேசவேண்டிய நேரம் வந்தபோது கவியா மேடையில் வாயைத் திறக்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரி தொண்டையைச் செருமினார். அமுதம் எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள். சிவப்ரியா குனிந்து காதில் கேட்டாள்.

"அப்பா திங்கக்கிழமைதானே வருவாங்க," என்றது பிள்ளை. "இப்பவே பேசிட்டா அவங்களுக்கு?"

சிவப்ரியா கையிலிருந்த போனைப் பார்த்தாள். நெடுமாறன் எண்ணில் ஒற்றை டிக் இருந்த இடத்தில் இரண்டு இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நீலமானது. யோசிக்காமல் எண்ணை அழுத்தினாள். மணி ஒருமுறை அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"டீச்சர், வெள்ளிக்கிழமைன்னா இன்னிக்கா?" நெடுமாறனின் குரல் எஞ்சின் இரைச்சலுக்குள் அமுங்கி வந்தது. "நாங்க திங்கக்கிழமைன்னுல்ல..."

கவியா இதோ பேசப்போகிறாள், கேளுங்கள் என்று மட்டும் சொல்லி, ஸ்பீக்கரைப் போட்டுப் போனைப் பிள்ளைக்கு நேராக நீட்டினாள். கவியா போனைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள்.

"அப்பா, கேக்குதா?"

கேட்கவில்லை போலிருந்தது. இரைச்சல்தான் வந்தது. அதற்குள் யாரோ யாரையோ அதட்டும் சத்தம். பிறகு எஞ்சின் நின்றது. அவ்வளவு பெரிய சத்தம் நின்றபோது வகுப்பறையும் சேர்ந்து அமைதியானது. போனுக்குள்ளிருந்து படகின் பக்கத்தில் தண்ணீர் மோதுகிற சத்தம் மட்டும் லேசாகக் கேட்டது. அதைத் தவிர அந்தப் பக்கம் எட்டுப் பேரும் மூச்சுக்கூட விடவில்லை.

"எங்கள் வகுப்புக்கு வந்திருக்கிற எல்லோருக்கும் வணக்கம்," என்று கவியா ஆரம்பித்தாள். கடைசி பெஞ்சைத் தாண்டி, வராந்தாவைத் தாண்டிப் போகிற குரல். "எல்லோரும் வாங்க. உள்ளே வந்து உட்காருங்க."

"வந்துக்கிட்டுதாம்மா இருக்கோம்," என்றது போன்.