சவுக்காரம் பூசிய பெட்ரோல் குழாய்

கீரனூருக்கு வந்து தைரியநாதன் யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஏரோப்ளேன் மேஸ்திரி என்று கேட்டால் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் விடுவார்கள். ஆவூர்க்காரர். யுத்த காலத்தில் திருச்சியில் விமானங்கள் வந்து இறங்கிய இடத்தில் மூன்று வருஷம் வேலை பார்த்தவர். அங்கே அவர் பார்த்ததெல்லாம் சக்கரமும் பிரேக்கும்தான். எஞ்சின் பக்கம் வெள்ளைக்காரன் அவரை அண்டவே விட்டதில்லை. ஆனால் அதை ஊரில் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு திரிய அவருக்கென்ன பைத்தியமா? யுத்தம் முடிந்து ஒரு பஸ் பட்டறையில் சேர்ந்து, பத்து வருஷத்துக்கு மேலாக அந்தப் பெயரோடு சௌகரியமாகவே இருந்தார்.

அந்தப் பெயரை நம்பித்தான் உடையப்பன் அவரிடம் வந்தான். முப்பது வயது. ஊருக்குக் கிழக்கே சொந்தமாக அரிசி மில். மெட்ராஸுக்குக் காலேஜ் படிக்கப் போனவன், படிப்போடு விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டு லைசென்ஸோடு திரும்பி வந்திருந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? சீமைப் பத்திரிகையில் வந்த வரைபடம் ஒன்றையும், ஏலத்தில் எடுத்த பழைய சின்ன எஞ்சின் ஒன்றையும் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு ஆள் உட்காரும் விமானத்தைத் தானே கட்டப் போகிறேன் என்று கிளம்பிவிட்டான். மில்லுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் வேலை நடந்தது. மேஸ்திரி சாயங்காலங்களிலும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகும் வருவார். இரண்டு வருஷத்தில் மரச்சட்டம், துணி போர்த்திய இறக்கை, வால் எல்லாம் எழும்பி நின்றன. சும்மா சொல்லக் கூடாது, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

பெட்ரோல் குழாய் போடும்போதுதான் இருவருக்கும் முதல் தடவையாகப் பேச்சு தடித்தது. பெட்ரோல் தொட்டி ஓட்டுகிறவனின் முழங்காலுக்கு முன்னால், கொஞ்சம் உயரத்தில். எஞ்சின் அதற்கும் முன்னால், தாழ்வாக. நடுவில் ஒரு குழாய் போட்டால் பெட்ரோல் தானாக இறங்கிவிடும். வரைபடத்தில் அதற்கு மெல்லிய அலுமினியக் குழாய் என்று போட்டிருந்தது.

"அலுமினியமா? சட்டி பானை செய்யிற சாமான் தம்பி அது. செம்புக் குழாய் போடுவோம். நம்ம பஸ்ஸெல்லாம் எதுல ஓடுது?" என்றார் மேஸ்திரி.

"வரைபடத்துல அப்புடிப் போடலையே மேஸ்திரி."

"வரைபடம் போட்டவன் கீரனூர் ரோட்டுல பஸ் ஓட்டிப் பாத்திருக்கானா?"

ஏரோப்ளேன் மேஸ்திரியே சொல்லும்போது உடையப்பன் மறுத்துப் பேசுவானா? செம்புக் குழாயே போட்டார்கள். தொட்டியில் ஒரு நுனி, எஞ்சினில் ஒரு நுனி, இரண்டு பக்கமும் நட்டைப் போட்டு இறுக்கியாயிற்று. நடுவில் எங்கேயும் பிடிமானம் கிடையாது. குழாய் தானாகவே விறைப்பாக நிற்கிறதே, அதற்கு எதற்குப் பிடிமானம் என்பது மேஸ்திரியின் கட்சி.

ஐம்பத்தேழாம் வருஷம் மாசி மாதம், விமானத்தைச் சோதித்துப் பறக்க அனுமதி தருகிற அதிகாரி மெட்ராஸிலிருந்து வருவதாகக் கடிதம் வந்தது. அன்றைக்குக் காலையிலேயே மில்லுக்கு எதிரே இருந்த செம்மண் பொட்டலில் நானூறு பேர் கூடிவிட்டார்கள். ஐஸ் வண்டிக்காரன் ஆலமரத்தடியில் கடை போட்டுவிட்டான். மேஸ்திரி எஞ்சினைப் பத்து நிமிஷம் ஓட விட்டு நிறுத்தி, மூடியைத் திறந்து பார்த்தார். குழாயின் எஞ்சின் பக்க நுனியில், நட்டுக்குப் பக்கத்தில் ஈரம். தொட்டு மோந்து பார்த்தார். பெட்ரோல். ஒரு நிமிஷத்துக்கு ஒரு சொட்டு இருந்தால் அதிகம். நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினார். ஈரம் நிற்கவில்லை. அதற்குள் அதிகாரியின் ஜீப் கண்மாய்க் கரையில் ஏறி வருவது தெரிந்தது.

பஸ் பட்டறைகளில் இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. தொட்டியோ குழாயோ ஒழுகினால் துணி துவைக்கிற சவுக்காரத்தை நல்ல அழுத்தமாகத் தேய்த்து விடுவார்கள். தண்ணீருக்குத்தான் சவுக்காரம் கரையும், பெட்ரோலுக்கு அசையாது. ஒரு நடை புதுக்கோட்டை போய்த் திரும்பும் வரைக்கும் தாக்குப் பிடிக்கும். மேஸ்திரியின் கை யோசிக்கவே இல்லை. தண்ணீர்க் குழாயடியில் கிடந்த சவுக்காரக் கட்டியை எடுத்தது, தேய்த்தது, மேலே கொஞ்சம் எண்ணெய் அழுக்கைப் பூசி நிறத்தை மறைத்தது. மூடியை மாட்டிவிட்டு நிமிர்ந்த பிறகுதான் என்ன செய்தோம் என்பதே அவருக்கு உறைத்தது.

அதிகாரி ரெங்கசாமிக்கு மேஸ்திரியைவிட நாலைந்து வயது குறைவாகத்தான் இருக்கும். அதிகம் பேசாத ஆள். இறக்கை, வால், கம்பிகள், நட்டுகள் என்று இரண்டு மணி நேரம் பார்த்தார். எஞ்சினை ஓட்டச் சொன்னார். மூடியைத் திறந்து குழாயின் நுனியில் விரலை வைத்தார். காய்ந்திருந்தது. "செம்பா?" என்று மட்டும் கேட்டு, முகத்தைச் சுளித்து, குனிந்து மறுபடி பார்த்தார். ஒழுக்கு எதுவும் கண்ணில் படவில்லை. "சரி, இன்னைக்குப் பொட்டலைச் சுத்தி ஒரு வட்டம் மட்டும் போகட்டும். குழாயப் பத்தி அப்புறம் பேசுவோம்" என்று பையிலிருந்து அனுமதி எழுதுகிற புத்தகத்தை எடுத்தார்.

உடையப்பன் ஏறி உட்கார்ந்து வாரைப் போட்டுக்கொண்டான். அவன் மனைவி சொர்ணம் சூடம் காட்டிவிட்டு, நேரே மேஸ்திரியிடம் வந்தாள்.

"மேஸ்திரி, நீங்க எல்லாம் பாத்துட்டீங்கல்ல?"

"பாத்துட்டேன்மா" என்றார் மேஸ்திரி.

சவுக்காரம் விட்டுக்கொடுத்தால் பெட்ரோல் எங்கே சொட்டும் என்று அவருக்குத் தெரியும். நேர் கீழே புகைக்குழாய், அடுப்புக்கட்டி போலக் காய்ந்துகொண்டு. பஸ் என்றால் ஓரமாக நிறுத்திவிட்டு மண்ணை அள்ளிப் போடலாம். ஆகாயத்தில் எங்கே ஓரம்? சொன்னாலோ இந்த நானூறு பேருக்கு முன்னால் மானம் போகும், பத்து வருஷத்துப் பெயர் போகும். பேசாமல் இருந்துவிடலாம், ஒரு வட்டம்தானே, தாங்கும் என்று ஒரு மனசு சொல்லிற்று. தாங்காவிட்டால் இந்தப் பெண் முகத்தில் எப்படி முழிப்பது?

"நிறுத்துங்க தம்பி" என்று கையைத் தூக்கிக்கொண்டு விமானத்துக்கு முன்னால் போய் நின்றார். "எறங்குங்க."

"என்ன மேஸ்திரி?"

"குழாய் ஒழுகுது. நான் சவுக்காரம் வச்சு அடைச்சிருக்கேன்."

ரெங்கசாமி பேனாவை மூடினார். மேஸ்திரி ஸ்பானரை எடுத்து எல்லோர் முன்னிலையிலும் நட்டைக் கழற்றினார். குழாய் கையோடு வந்துவிட்டது. நட்டு கவ்வுவதற்காக விரித்து விட்டிருந்த அதன் வாய் மட்டும் நட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. விரிசல் முக்கால்வாசிச் சுற்றுக்கு ஓடியிருந்திருக்கிறது. கழற்றின முறுக்கிலேயே மிச்சமும் அற்றுவிட்டது. உடையப்பன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஏரோப்ளேன் வேலை பாத்தவர்னு சொன்னாங்களே" என்றார் ரெங்கசாமி. குரலில் கோபம் இல்லை, அதுதான் மேஸ்திரிக்கு இன்னும் வலித்தது.

"சக்கரம்தான் சார் பாத்தேன். எஞ்சின் பக்கம் போனதே இல்ல."

"எஞ்சின் ஆடும், தொட்டி ஆடாது. நடுவுல ஒரு செம்புக் குழாய இழுத்துக் கட்டி வச்சா எது ஒடியும்? ஆட ஆடச் செம்பு கெட்டியாகிக்கிட்டே போகும். அப்புறம் விரிசல் விடும்." புத்தகத்தைப் பைக்குள் வைத்தார். "நானும் கண்டுபிடிச்சிருக்கணும். செம்பப் பாத்ததுமே கழட்டச் சொல்லாம விட்டேன். மூணு மாசம் கழிச்சு வாரேன்."

கூட்டம் கலைந்தது. ஐஸ் வண்டிக்காரனுக்கு மட்டும் அன்றைக்கு நல்ல வியாபாரம். மறுநாள் பட்டறைக்குள் மேஸ்திரி நுழையும்போதே கண்டக்டர் சோலையப்பன், "என்ன மேஸ்திரி, குளிச்சாச்சா? சவுக்காரம் மிச்சம் இருக்கா?" என்றான். ஒரு வாரம் ஊரெல்லாம் அதே பேச்சு. வீட்டிலும் விடவில்லை. அவர் மனைவி வியாகுலமேரி சோற்றைப் போட்டுக்கொண்டே, "பாவசங்கீர்த்தனம் பண்ணணும்னா கோயில்ல சாமியார் காதுல ரகசியமாச் சொல்லலாம்ல. ஊரைக் கூட்டி வச்சா சொல்லுவாக?" என்றாள். சொல்லிவிட்டு, வழக்கத்துக்கு மாறாக இன்னொரு துண்டு மீனைத் தட்டில் வைத்தாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் நெஞ்சில் கனம் எதுவும் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் உடையப்பன் பட்டறை வாசலில் வந்து நின்றான்.

"மேஸ்திரி, நான் செத்திருப்பேன்ல?"

"ஆமா தம்பி."

"சரி, கெளம்புங்க. இப்ப என்ன குழாய் போடலாம்?" என்றான் உடையப்பன்.

அதற்குப் பிறகு மேஸ்திரி எதையும் தெரியும் என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் செய்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். வரைபடத்தில் போட்டிருந்தபடியே அலுமினியக் குழாய் வாங்கினார். வளைக்கும்போது நசுங்காமலிருக்க உள்ளே மணலைக் கெட்டித்து, கட்டையில் வைத்து ஒரே தடவை வளைத்தார். வளைத்ததைத் திரும்ப நிமிர்த்த வேண்டி வந்தால் அந்தக் குழாயைத் தூக்கி எறிந்தார். இரண்டு குழாய் அப்படிப் போயிற்று. குழாய் எஞ்சின் வரைக்கும் போகவில்லை. கடைசி ஒரு சாண் தூரத்துக்கு ரப்பர்க் குழாய். எஞ்சின் எவ்வளவு வேண்டுமானாலும் ஆடிக்கொள்ளட்டும், ரப்பர் கூடவே ஆடும்.

எந்த ரப்பர்? திருச்சியில் மூன்று கடையில் மூன்று விதம் வாங்கி, மூன்று பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி ஊறப் போட்டார். பத்து நாளில் ஒன்று ஊதிப் பெருத்துவிட்டது. இன்னொன்று கறுப்புத் தூளாக உதிர்ந்து பெட்ரோலையே மையாக்கிவிட்டது. மூன்றாவது போட்டபடி கிடந்தது. அதன் விலையைக் கேட்டு உடையப்பன் கண்ணை மூடிக்கொண்டான், ஆனால் வாங்கிக் கொடுத்தான். ரப்பர் கழன்று வராமலிருக்க, அலுமினிய நுனியில் சுற்றிலும் சின்ன மேடு எழுப்பி, அதற்குப் பின்னால் பட்டையைப் போட்டு இறுக்கினார்கள். சாணுக்கு ஒரு இடத்தில் குழாயைத் தகரப் பட்டையால் சட்டத்தோடு பிடித்துக் கட்டினார்கள். தகரம் குழாயை அராவாமல் இருக்க நடுவில் சைக்கிள் ட்யூப் துண்டு. புகைக்குழாயை விட்டு ஒரு முழம் விலக்கி, மேடு பள்ளம் இல்லாமல் ஒரே இறக்கமாகக் கொண்டுபோனார்கள். மேடு இருந்தால் அங்கே காற்று போய் உட்கார்ந்துகொண்டு பெட்ரோலை மறித்துவிடும் என்பதைக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் விட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தார் மேஸ்திரி. அன்றைக்கு அவருக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது. தெருவில் போன கண்டக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது பெட்ரோல் போதுமான அளவுக்கு இறங்குமா? சக்கரத்துக்கு அடியில் நெல் மூட்டைகளை அடுக்கி மூக்கைத் தூக்கி நிறுத்தினார்கள். ரப்பர் நுனியைக் கழற்றி, அரிசி அளக்கிற படியில் பிடித்தார்கள். எஞ்சின் கேட்பதைப் போல ஒன்றே முக்கால் மடங்கு விழுந்தது. பிறகு வாலை ஆலமரத்தில் கட்டிப் போட்டு, தினம் ஒரு மணி நேரமாக இருபது நாள் எஞ்சினை ஓட்டினார்கள். நிறுத்தும்போதெல்லாம் மேஸ்திரி குழாய் நெடுகிலும் விரலை ஓட்டிப் பார்ப்பார். ஒரு நாள்கூட ஈரம் இல்லை.

வைகாசியில் ரெங்கசாமி வந்தார். இந்தத் தடவை கூட்டம் முந்நூறுதான். நூறு பேருக்கு நம்பிக்கை போய்விட்டது போலிருக்கிறது. இறக்கையிலிருந்து ஆரம்பித்து மூன்று மணி நேரம் ஒவ்வொன்றாகப் பார்த்துப் புத்தகத்தில் குறித்துக்கொண்டே வந்தவர், எஞ்சின் மூடிக்கு முன்னால் வந்து நின்றார். திறக்கவில்லை.

"மொதல்லேர்ந்து சொல்லுங்க, என்னென்ன செஞ்சீங்க" என்றார்.

மேஸ்திரி சொன்னார். தூக்கி எறிந்த குழாய்கள், ஊதிய ரப்பர், நெல் மூட்டை, படி, ஆலமரம் எதையும் விடவில்லை. ரெங்கசாமி கேட்டு முடித்துவிட்டுப் புத்தகத்தைத் திருப்பி அவரிடம் நீட்டினார். பேனாவையும் கொடுத்தார்.

"பெட்ரோல் குழாய்னு ஒரு வரி இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல நீங்க கையெழுத்துப் போடுங்க. அடியில நான் போடுறேன்."

"நீங்க இன்னும் பாக்கலையே சார்."

"ஒழுகினா நீங்க சொல்லியிருப்பீங்க."

மேஸ்திரிக்குச் சந்தோஷம்தான், வேறென்ன. பேனாவைக் காகிதத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பேனா அங்கேயே நின்றது.

"கொஞ்சம் இருங்க சார்" என்று பேனாவை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஸ்பானரை எடுத்துக்கொண்டு மூடியைக் கழற்ற ஆரம்பித்தார்.

"மேஸ்திரி, காலையிலதானே எல்லாம் பாத்தீங்க" என்றான் வாரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த உடையப்பன்.

"காலையில என்கிட்ட யாரும் கையெழுத்துக் கேக்கல தம்பி."

தொட்டியின் அடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பிடிமானமாக அசைத்துப் பார்த்தார். ஒவ்வொரு பட்டையையும் திருகிப் பார்த்தார். ரப்பரை மடக்கிப் பார்த்தார், மோந்து பார்த்தார். முந்நூறு பேரும் அரை மணி நேரம் வெயிலில் காத்துக்கொண்டு நின்றார்கள். சோலையப்பன் ஏதோ சொல்லி இரண்டு பேரைச் சிரிக்க வைத்தான். சொர்ணம் மட்டும் சூடத்தட்டைக் கீழே வைத்துவிட்டு, அவசரமே இல்லாமல் நிழல் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். ரெங்கசாமியும் போய் ஒரு ஐஸ் வாங்கிச் சாப்பிட்டார்.

மூடியை மாட்டி, கையைத் துடைத்துக்கொண்டு வந்த பிறகுதான் மேஸ்திரி பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.