போணிக்கு ஆகாத கை

"படி எறங்காதட்டி. சொன்னா கேக்க மாட்டியா?"

முப்பிடாதி வாசல் நிலையில் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு நின்றாள். கீழே அப்பாத்துரையின் காய்கறி வண்டி ஆரன் அடித்துக்கொண்டிருந்தது. விடிந்தும் விடியாத நேரம். மகள் பிரம்மசக்தி சுவரைப் பிடித்துக்கொண்டு, வீங்கிய காலைச் செருப்புக்குள் நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை. செருப்பை ஓரமாய்த் தள்ளிவிட்டு வெறுங்காலோடு நிமிர்ந்தாள். ஏழு மாத வயிறு.

"நான் போகலன்னா ஒனக்குத் தருவாராக்கும்?"

முப்பிடாதி நிலையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடிசைக்காரர்களையெல்லாம் கொண்டுவந்து இறக்கிவிட்ட வாரியக் குடியிருப்பு அது. ஊருக்கு வெளியே, உடைமரம் தவிர வேறொன்றும் முளைக்காத பொட்டலில், மாடி மாடியாய் நிற்கிற வீடுகள். ஆற்றங்கரையில் இருந்தபோது கூரை ஒழுகியது. ஆனால் வாசலில் நின்று கூப்பிட்டால் கீரைக்காரி வருவாள், மீன்காரி வருவாள், நடந்து போனால் மார்க்கெட். இங்கே கூரை ஒழுகவில்லை. ரேஷன் அட்டை இன்னும் பழைய கடையில்தான் கிடக்கிறது. டவுன் பஸ் காலையில் ஒருதரம் வரும், பொழுதடைய ஒருதரம் வரும், வராமலும் போகும். கீழ்வீட்டில் ஒருத்தி போட்டிருக்கும் பெட்டிக்கடையில் ஷாம்பு கிடைக்கும், ஊறுகாய் பாக்கெட் கிடைக்கும், சிப்ஸ் கிடைக்கும். பிள்ளைகள் அதைத் தின்று வயிற்றை நிரப்பிக்கொண்டன. ஒரு கத்திரிக்காய் வேண்டுமென்றால் அப்பாத்துரைதான் வர வேண்டும்.

நயினார்குளம் மார்க்கெட்டில் சரக்கு ஏற்றிக்கொண்டு முதலில் இந்தக் காலனிக்கு வருவார் அவர். இங்கே முடித்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் புதிதாய் வந்திருக்கும் நகர்களுக்குப் போவார். கெட்ட மனுசன் என்று யாரும் சொல்ல முடியாது. தராசு நேராய் நிற்கும். அழுகலைத் தலையில் கட்டமாட்டார். ஆனால் போணி என்று ஒன்று இருக்கிறதே. முதல் காசு யார் கையிலிருந்து வருகிறதோ, அன்றைய யாவாரம் அந்தக் கை மாதிரிதான் இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. தாலியறுத்தவள் கைக்காசை அவர் முதலில் தொடமாட்டார்.

முப்பிடாதி தாலியறுத்தவள். சித்தாள் வேலைக்குப் போகிறவள். அப்பாத்துரை வந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கொத்தனார் வேன் வந்துவிடும். மற்ற பொம்பளைகள் தண்ணீர் பிடித்து, பிள்ளைகளை எழுப்பி, சாவகாசமாய்த்தான் இறங்கி வருவார்கள். அதற்குள் முப்பிடாதி வேனில் ஏறியிருப்பாள். பொழுதடைந்து திரும்பி வரும்போது காய் ஏது? இப்படியே மாதக்கணக்காய் ரசமும் ஊறுகாயுமாய் ஓடியது. எதிரே வண்டி நிறையக் காய் இருந்தது, மடியில் காசு இருந்தது, கை மட்டும் சரியில்லை. அதற்காக அவள் அப்பாத்துரையை வைததே கிடையாது. யாவாரியின் பிழைப்பை நாம் ஏன் கெடுக்க வேண்டும் என்று அவளாகவே தள்ளித்தான் நிற்பாள். தன் கை ஆகாது என்பதை அவளும் நம்பினாள். அடுத்தவளிடம் காசு கொடுத்து வாங்கிவைக்கச் சொல்லவும் அதனால்தான் கூசினாள்.

மருமகன் கேரளாவுக்குப் பாறை உடைக்கப் போய்விட்டதால், மகள் பேறுகாலத்துக்கு முன்கூட்டியே வந்து சேர்ந்தாள். நர்சம்மா அவளுடைய கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். "ரத்தமே இல்லையேம்மா. தினமும் கீரை குடு, முட்டை குடு. மாத்திரை மட்டும் போதாது" என்றாள். மறுநாள் முப்பிடாதி மகளைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். அப்பாத்துரை வயிற்றைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பிள்ளத்தாச்சி கையில்லா! நீ குடு தாயி மொதக் காச."

அன்றைக்கு மதியத்துக்குள் வண்டி காலியாகிவிட்டதாம். தினமும் அவள்தான் போணி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார். கொசுறாய் ஒரு கைப்பிடி கீரை கூடுதலாய் விழுந்தது. முப்பிடாதிக்குத் தலைகால் புரியவில்லை. "எம்மவ கை பட்டாத்தான் அண்ணாச்சி தராசத் தூக்குவாரு" என்று வேனில் கூட வருகிறவளிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

கீழ்மாடியில் பீடி சுற்றுகிற ஜுபைதா பீவிக்கு இது பிடிக்கவில்லை.

"ஏளா முப்பிடாதி, அவரு ராசிக்கு ஒம் பிள்ள இத்தன படி ஏறி எறங்கணுமா? கூடையக் கயித்துல கட்டி எறக்குளா."

"கேட்டுப் பாத்துட்டேன் பீவி. கைதான் ராசி, கயித்துக்கு ராசி கெடையாதுன்னு சொல்லுதாரு."

"இந்த மனுசன் அல்லாகிட்டயும் தராசோட போயி நிப்பாரு போல!"

எல்லாரும் சிரித்தார்கள். பிரம்மசக்தியும் சிரித்தாள். கால் வீங்க ஆரம்பித்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. தான் இறங்காவிட்டால் அம்மாவுக்குக் காய் கிடையாது, அம்மாவுக்குக் கிடையாதென்றால் தனக்கும் கிடையாது.

அம்மா வாசலை மறித்த அன்றைக்கும் இறங்கினாள். காசு கொடுத்தாள். அப்பாத்துரை அதைக் கண்ணில் ஒற்றி டப்பாவில் போட்டார். முருங்கைக்கீரையை இடுக்கிக்கொண்டு ஏறியவள், பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். ஜுபைதா பீவி போட்ட கூச்சலில் வேனுக்குக் கிளம்பிய முப்பிடாதி ஓடி வந்தாள். மகளுடைய சேலை ரத்தத்தில் நனைந்திருந்தது. ஆம்புலன்சு ஊருக்குள்ளிருந்து வரவேண்டும். அப்பாத்துரைதான் மூட்டைகளைக் கீழே தள்ளிவிட்டு, சாக்கை விரித்து, அவளைப் படுக்கவைத்துப் பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனார். தக்காளிக் கூடைகள் வெயிலில் கிடந்தன. அதை அவர் பெரிதாக நினைக்கவில்லை.

ஆண் பிள்ளை. அழவில்லை.

மருமகன் வந்தான். பிள்ளையைப் புதைத்தான். இரண்டு நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பக் கேரளாவுக்குப் போனான். ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியதும் பழைய பேச்சுதான். ரத்தம் ரொம்பப் போயிருக்கிறது, கீரை கொடு, முட்டை கொடு.

தீட்டுக் கழிந்ததும் ஒரு நாள், ஆரன் சத்தம் கேட்டு இரண்டு பேரும் இறங்கினார்கள். பிரம்மசக்தி கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். ஜுபைதா பீவி கூடையோடு வாசலில் நின்றாள். அன்று அதிசயமாய் இன்னும் நாலைந்து பேர் சீக்கிரமே வந்திருந்தார்கள்.

"ஒடம்பு எப்படிம்மா இருக்கு?" அப்பாத்துரை கேட்டார். கண் வெண்டைக்காயில் இருந்தது.

"இருக்கேன் அண்ணாச்சி. முருங்கக்கீர ஒரு கட்டு." காசை நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. வெண்டைக்காயை இந்தக் கூடையிலிருந்து அந்தக் கூடைக்கு மாற்றினார்.

"பைய தாயி. ஒரு ஆளு வாங்கட்டும்."

பிரம்மசக்திக்கு விளங்கவில்லை. நீட்டிய கையோடு நின்றாள். முப்பிடாதிக்கு விளங்கிவிட்டது. மகளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, அவ புருசன் இருக்கான்."

"இருக்கட்டும்மா, நூறு வயசு இருக்கட்டும். ஆனா பிள்ள தங்காத கையில்லா. வேற ஒண்ணும் நெனைக்காத. அன்னைக்கு யாவாரத்தப் போட்டுட்டுத் தூக்கிட்டு ஓடுனது நாந்தான?" ஒரு கட்டுக் கீரையை எடுத்து அவள் பைக்குள் வைத்தார். "காசு வேண்டாம். சும்மா கொண்டு போ. தானமாக் குடுத்தா தோசம் கெடையாது."

பிரம்மசக்தி கீரையை வெளியே எடுத்தாள். வண்டிப் பலகையில் மெதுவாக வைத்தாள்.

"காசுக்குக் குடுங்க அண்ணாச்சி. இல்லன்னா வேண்டாம்."

"பிச்சக்காரிக்குத் திமிரப் பாரு" என்று பின்னாலிருந்து ஒருத்தி முனகினாள். அப்பாத்துரை முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜுபைதா பீவியைக் கூப்பிட்டார். "பீவி, நீங்க ஆரம்பிங்க."

"நானா? எம் மாப்பிள துபாய் போயி வருசம் எத்தனையோ ஆச்சு. இருக்காரா மவுத்தாயிட்டாரான்னு எனக்கே தகவல் இல்ல. ஒம்ம கணக்குல நான் எந்தப் பக்கம் வே?"

அப்பாத்துரை திகைத்துவிட்டார். அடுத்தவளைப் பார்த்தார். அவள் புருசன் திருப்பூரில் வேறொருத்தியோடு இருக்கிறான். அவளே கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அதற்கடுத்தவளுக்குக் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் பிள்ளை இல்லை. பக்கத்தில் நின்றவள் அதை முணுமுணுத்தாள். முணுமுணுத்தவளுடைய மூத்த மகனை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. அதை இன்னொருத்தி சொன்னாள். பொம்பளைகள் ஒருத்தி கையை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் காலனியில் அடிபடாத கை ஒன்று அவ்வளவு சுலபத்தில் கிடைக்கவில்லை.

"நேரமாவுது. அந்தப் பக்கம் முடிச்சிட்டு வாறேன்" என்று அப்பாத்துரை வண்டியைக் கிளப்பினார். அந்தப் பக்கம் போனால் சரக்கு திரும்பாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

வண்டி போனதும் பொம்பளைகள் முப்பிடாதியின் பக்கம் திரும்பினார்கள். "ஒனக்கும் ஒம் மவளுக்கும் மொத ஆளா வந்து நிக்கலன்னா ஆவாதோ? இன்னைக்கு எம் பிள்ளைக்கு எதைக் கொழம்பு வைக்க?" ஜுபைதா பீவி மட்டும் அவர்களை ஏசிக்கொண்டே பிரம்மசக்தியைக் கைத்தாங்கலாய்ப் படியேற்றினாள்.

வேன் வந்தது. முப்பிடாதி ஏறி ஓரத்தில் உட்கார்ந்தாள். இனி மகளுக்கு எதைக் கொடுக்க என்று அவளுக்குத் தெரியவில்லை. சோறு இருந்தது, உப்பு இருந்தது. அதைத் தின்று ரத்தம் ஊறுமா?

புது நகர் முக்கில் மாட்டு மந்தை குறுக்கே வந்து வேன் நின்றது. அப்பாத்துரையின் வண்டி மாடிவீட்டு ஐயா வாசலில் நின்றிருந்தது. அந்த வீட்டுச் சுற்றுச்சுவருக்கு முப்பிடாதி கல் சுமந்திருக்கிறாள். போன தையில் சுவர் பாதி எழும்பியிருக்கும்போது ஐயாவின் மனைவி இறந்துபோனாள். பதினாறாம் நாள் கழிந்த பிறகுதான் மீதிச் சுவரைக் கட்டினார்கள்.

ஐயா குளித்து விபூதி பூசி, பையோடு வெளியே வந்தார். ரூபாய்த் தாளை நீட்டினார். அப்பாத்துரை துண்டை இடுப்புக்கு இறக்கி, இரண்டு கையாலும் அதை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எக்கா, என்னத்த அப்படிப் பாக்க?" பக்கத்திலிருந்தவள் கேட்டாள்.

"போணி ஆயிட்டுளா" என்றாள் முப்பிடாதி.