ஆண் அட்டையின் சாறு

கடலட்டைகள் பொரிப்பகத்துக்கு வந்ததிலிருந்து ஆய்வாளருக்குத் தூக்கமே போயிற்று. அவற்றை முட்டையிட வைக்கத் தொட்டியில் வெந்நீர் கலந்து பார்த்தாள், ஐஸ் போட்டுப் பார்த்தாள். நனைந்த செருப்புகள் மாதிரி அவை அடியில் கிடந்தன.

ஆண் அட்டை விந்து விடும்போது அதன் திசுவிலிருந்து ஏதோ ஒரு பொருள் தண்ணீரில் கரைந்து மற்றவற்றுக்குச் சேதி சொல்கிறது என்பது அவள் எண்ணம். அன்று காலை மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஓர் ஆண் அட்டையை அறுத்தாள். விந்துப்பையை அரைத்து வடிகட்டி, இடது தொட்டியில் ஊற்றினாள். ஒப்பிட்டுப் பார்க்க வலது தொட்டியில் வெறும் கடல்நீர்.

பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் கொழுந்தன் எட்டிப் பார்த்தான். "அண்ணி, அந்த மிக்ஸி நம்ம வீட்டுது இல்லையே?"

"பேசாம தொட்டியப் பாரு."

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இடது தொட்டியில் ஓர் அட்டை முன்பாதியைத் தூக்கி நின்று, யாரையோ தேடுவதுபோல் அசைந்தது. தலையருகே வெள்ளை இழை புகையாய்ப் பிரிந்தது. அடுத்தது எழுந்தது. அதற்கடுத்தது. வலது தொட்டியில் ஓர் அசைவும் இல்லை.

"விந்து அதிகமானா தண்ணி கெட்டுப்போகும் தம்பி. ஆணையெல்லாம் வெளிய எடு, சீக்கிரம்."

அதற்குள் ஒரு பெண் அட்டை முட்டைகளைப் பீய்ச்சியடித்தது. அவள் கைகொள்ளாமல் வாளி வாளியாக மொண்டாள். நிமிர்ந்து பார்த்தபோது வலது தொட்டியிலும் அட்டைகள் எழுந்து ஆடிக்கொண்டிருந்தன.

"ஆணையெல்லாம் எங்கப்பா போட்ட?"

"அந்தத் தொட்டியிலதான். தரையில போட்டா செத்துடுமே அண்ணி."

திட்ட வாயெடுத்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இவன் ஆண்களைக் கொண்டுபோய்ப் போடும்வரை அந்தத் தொட்டி சும்மா கிடந்ததைக் கண்ணால் பார்த்திருந்தாள். போட்டதும் சேதி அங்கேயும் போய்விட்டது.

"சோதனையக் கெடுத்துட்டேனா அண்ணி?"

"கெடுத்துட்ட. இருந்தாலும் நான் நினைச்சது சரிதான்னு காட்டிட்ட. வலைய எடு, அங்கயும் முட்டை வரப்போகுது."

மதியச் சாப்பாடு ஆறிப்போயிற்று. நுண்ணோக்கியில் முட்டை நீரின் முதல் துளியை வைத்தவள் வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை.

"என்ன தெரியுது அண்ணி?"

"ஒண்ணு ரெண்டாப் பிரியுது."

"நானும் பார்க்கட்டுமா?"

"இரு," என்றாள், கண்ணை எடுக்காமலே. "இப்போ நாலு."