பாதியில் நின்ற கதை

தனித்தனியாக உட்கார வேண்டும், ஒருவரை ஒருவர் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது, சத்தமாகப் பாடக் கூடாது என்று வேனில் வரும்போதே பொருளாளர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தங்கள் சபைக்குப் புதிய போதகரைத் தேடும் குழு அது. இன்னொரு சபையின் போதகரது பிரசங்கத்தை அவருக்கே தெரியாமல் கேட்டுவிட்டு வருவது என்பது கிட்டத்தட்டப் பெண் பார்க்கப் போகிற வேலை, பெண்ணுக்கு மட்டும் விஷயம் தெரியக் கூடாது. நால்வரும் நல்லபிள்ளைகளாக ஆளுக்கொரு பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். டெய்லரம்மாவுக்கு நடுவரிசையில் இடம் கிடைத்தது.

முதல் பாட்டு இரண்டு சரணம் வரை ஒழுங்காகத்தான் போயிற்று. மூன்றாவதில் கனத்த குரலுக்கென்று தனியாக ஒரு வரி வரும். பாட்டு மாஸ்டர் பாதி ஆயுளைப் பாடகர் குழுவிலேயே கழித்தவர். அவரும் மனிதர்தானே, எவ்வளவு நேரம்தான் அடக்குவார்? கடைசி பெஞ்சிலிருந்து கிளம்பிய அந்தக் குரலில் மொத்தச் சபையும் திரும்பிப் பார்த்தது. பார்த்தவர்கள் அதோடு நிற்கவில்லை. தலையில் கைவைத்துக்கொண்ட டீச்சரைப் பார்த்தார்கள், பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை ஒளித்த பொருளாளரைப் பார்த்தார்கள், கடைசியில் டெய்லரம்மாவையும் பார்த்தார்கள். குட்டு உடைந்துவிட்டது.

பக்கத்தில் இருந்த பெண்மணி குனிந்து கிசுகிசுத்தாள். "எங்க பாஸ்டரைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கீங்களா?"

ஆராதனையில் உட்கார்ந்துகொண்டு பொய் சொல்ல முடியுமா? டெய்லரம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

"தங்கமான மனுஷன். என்ன, பேச மட்டும் வராது" என்றாள் அவள், மகளைக் கட்டிக்கொடுக்கப் போகிறவளைப் போல.

அது உண்மைதான். ஒல்லியான குரல். காகிதத்தைப் பார்ப்பதும் மூக்குக்கண்ணாடியைத் தள்ளிக்கொள்வதுமாகப் பிரசங்கம் நொண்டி நொண்டி நடந்தது. அதற்குள் பொருளாளர் இரண்டு முறை கொட்டாவியை விழுங்கிவிட்டார். பாதிக்கு மேல் போனபோது போதகர் நிமிர்ந்து, "போன வாரம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு அம்மா..." என்று ஆரம்பித்தார்.

பக்கத்துப் பெண்மணி விறைத்துப்போய், கைப்பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டாள். போதகரின் கண் ஒருமுறை இந்தப் பெஞ்சுப் பக்கம் வந்தது. பேச்சு நின்றது. மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்கும் அளவுக்கு நின்றது.

"அது இருக்கட்டும்" என்றார் போதகர். காகிதத்தைத் திருப்பிவிட்டு வேறு எதையோ பேசப் போய்விட்டார்.

பக்கத்தில் வார் மெல்லத் தளர்ந்தது. அவள் மூச்சு விட்டபோதுதான் தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது டெய்லரம்மாவுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் பேசிய எதுவும் அவள் காதில் ஏறவில்லை. இவர்தான், இவரை விடக் கூடாது என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

வெளியே, சாலைக்கு அந்தப் பக்கம், வேனுக்குள் மெக்கானிக் காத்திருந்தார். அவள் கணவர். சொந்தச் சபைக்கும் வாராவாரம் அவளைக் கொண்டுவந்து விடுவார், ஆனால் கேட்டைத் தாண்ட மாட்டார். ஆராதனை முடியும் வரை சாலையிலேயே வண்டியை நிறுத்தி உட்கார்ந்திருப்பார். ஏன் உள்ளே வருவதில்லை என்று கேட்டவர்களுக்கு, "வண்டிக்கு ஆள் வேணும்" என்ற பதில்தான்.

வேன் நகர்ந்ததும் பொருளாளர் தொடங்கினார். "தேறாதுங்க. சொல்ல வந்த கதையவே மறந்துட்டு முழிச்சாரே, பாத்தீங்களா? நம்ம பழைய பாஸ்டர் பண்ணாரே, கெட்ட குமாரன் பிரசங்கம், வீட்டை விட்டுப் போன மகனுக்காகக் காத்திருந்த தகப்பன் கதை, அது பிரசங்கம்!"

"இப்ப நினைச்சாலும் எனக்குக் கண்ணு கலங்குது" என்றார் டீச்சர்.

பொருளாளர் முன்னால் சாய்ந்து மெக்கானிக்கின் தோளைத் தட்டினார். "உங்களைப் பத்தினதுதானே தம்பி! எவ்வளவு பெருமை!"

மெக்கானிக் கியரை மாற்றினார்.

கோபத்தில் மகனை வீட்டை விட்டுப் போகச் சொன்னவர் அவர். போனவன் ஒரு பேக்கரியில் மூட்டை ஏற்றும் வேலையில் சேர்ந்தான். வாரம் ஒருமுறை அந்தக் கடைக்கு எதிரே வண்டியை மறைவாக நிறுத்தி, அவன் மூட்டை தூக்குவதைப் பார்த்துவிட்டு வருவார். இதைப் பழைய போதகர் ஒருவரிடம்தான் சொல்லியிருந்தார், அழுதுகொண்டே. போதகர் அதை மேடையில் வைத்து உருக உருகச் சொன்னார். பெயர் சொல்லவில்லை, தொழிலைச் சொன்னார். சபையில் வண்டி ரிப்பேர் செய்கிற தகப்பன் ஒருவர்தான் இருந்தார். டெய்லரம்மாவுக்கே விஷயம் அன்றைக்குத்தான், எல்லோரோடும் சேர்ந்துதான் தெரிந்தது.

யாரோ நல்ல மனசோடு அந்தப் பிரசங்கத்தின் பதிவை மகனுக்கு அனுப்பிவைத்தார்கள். அடுத்த வாரம் பேக்கரி வாசலில் அவன் இல்லை. வேலையை விட்டுவிட்டான், எங்கே போனான் என்று யாருக்கும் தெரியாது. அது சபைக்குத் தெரியாது. வேனில் இருக்கும் மற்ற மூவருக்கும் தெரியாது.

இதைச் சொன்னால் போதும், வேனே வாயடைத்துப் போகும், மூன்று பேரும் மறுபேச்சில்லாமல் கையைத் தூக்குவார்கள். வார்த்தை அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் முன்னால் அவருடைய பின்கழுத்து தெரிந்தது. முடிவெட்டி நாளான கழுத்து, காலரின் விளிம்பில் அவள் போட்ட தையல். இந்த மனிதரை வைத்து ஒரு ஓட்டு வாங்குவதா? அப்புறம் அந்தப் பழைய போதகருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

"அவர் மறக்கல. நிறுத்திக்கிட்டார்" என்றாள்.

"எதுக்கு நிறுத்தணும்?"

"அது எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். எனக்கு இவர்தான் வேணும்."

குழு கூடிய இத்தனை முறையும் 'சரிங்க' என்பதைத் தவிர வேறு எதுவும் பேசாதவள். பொருளாளர் திரும்பி உட்கார்ந்தார். "சபையில காரணம் கேப்பாங்களே, என்ன சொல்றது?"

"சொல்ல மாட்டேன்."

வேன் ஒரு திருப்பத்தில் மெதுவாகியது. மெக்கானிக் அன்று முதல் முறையாக வாயைத் திறந்தார், கண்ணாடியில் அவளைப் பார்த்தபடி.

"பாதியிலயா நிறுத்தினார்?"

"ம்."

"அப்புறம் முடிக்கவே இல்லையா?"

"இல்லைங்க."

அவர் பார்வை சாலைக்குத் திரும்பியது.

"என் ஓட்டும் இவருக்குத்தான்" என்றார் பாட்டு மாஸ்டர் திடீரென்று. "வாசல்ல கைகுலுக்கும்போது, இந்தக் குரலுக்கு இங்க ஆளே இல்லைன்னு வருத்தப்பட்டாருங்க."

"உங்களைத் திட்டாம விட்டதுக்கே அவருக்கு வேலை குடுக்கலாம்" என்றார் டீச்சர். பொருளாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபின் விறைப்பாக இருக்க முடியவில்லை. "சரி, ஒரு ஞாயித்துக்கிழமை வந்து பேசச் சொல்லிப் பாப்போம். அவ்வளவுதான், இப்பவே நாள் குறிச்சுடாதீங்க."

வேன் ஊர் திரும்பியபோது, அவர்கள் சபையைச் சேர்ந்தவர்கள் ஆலயத்தை ஒட்டியிருந்த போதகர் வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். வரப்போவது யாரென்றே தெரியாமல் ஜன்னலுக்குத் திரைச்சீலைகூட மாட்டியாகிவிட்டது. டெய்லரம்மா தைத்ததுதான். சாலையோரம் இறங்கத் தயாராக அவள் பையை எடுத்துக்கொண்டாள். வேன் நிற்கவில்லை. ஆலயக் கேட்டுக்குள் நுழைந்து, ஆலயத்தைத் தாண்டிப் போய், போதகர் வீட்டு வாசலில் நின்றது. மெக்கானிக் இன்ஜினை அணைத்தார். பொருளாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், டீச்சர் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

மெக்கானிக் கருவிப் பெட்டியோடு இறங்கி, அந்த வீட்டின் இரும்புக் கேட்டுக்கு முன்னால் மண்டியிட்டார். அதன் கீல் கழன்று, கதவு தரையில் இழுபட்டுக் கிடந்தது.

"ரோட்டுல இருந்து வாராவாரம் பாத்துட்டிருக்கேன். ஒருத்தனும் கைவைக்கல" என்றார். "கொஞ்சம் தூக்கிப் பிடி."

அவள் பையைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் தூக்கினாள்.

"அவர் வந்த அப்புறம், என்னைக்காவது ஒரு நாள்..." என்று ஆரம்பித்தவர், அதோடு நிறுத்திக்கொண்டார்.

மீதியை அவள் கேட்கவில்லை. கதவு நல்ல கனம். அவர் ஸ்பானரைத் தேடி எடுத்து போல்ட்டை முறுக்கத் தொடங்கினார். அவள் இரண்டு கையாலும் கதவை ஏந்திக்கொண்டு அவர் பக்கத்திலேயே நின்றாள்.