மூன்றாவது டப்பா

மாதம் எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய், வரி தனி. பெற்ற தகப்பனின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க மதியழகனுக்கு அன்று ஆன விலை அவ்வளவுதான். அந்த விலைக்கும் முகம் வரவில்லை.

"அக்கா, கட்டம் கட்டமா வருது. அப்பா எங்க இருக்காருன்னே தெரியல."

பூர்ணிமா ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடிமேல் குனிந்து, போனை இன்னும் கீழே இறக்கிப் பிடித்தாள்.

"இப்போ?"

"உன் விரல் தெரியுது. அதுவும் நின்னுடுச்சு."

பிறகு அவன் குரலும் நின்றுவிட்டது.

மதியழகன் எத்தியோப்பியாவில் ஒரு ஷூ கம்பெனியில் டெக்னீஷியன். அவனுக்குக் கிடைத்த டிக்கெட் திங்கள்கிழமை ராத்திரிக்கு. சம்பத் இறந்ததோ ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, பல் துலக்கிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தபடி. நாலரைக்கு ராகு காலம். நாலு மணிக்கே எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். இப்போது மணி மூன்று இருபது. கொள்ளி வைக்க மகனுக்குப் பதிலாகப் பங்காளி ஒருவர் வந்துவிட்டார். முகம் பார்க்க அவனுக்குப் பதிலாக யாரும் வர முடியாது.

"அவன் பாத்துட்டானா?" என்றாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா கெங்கம்மாள். காலையிலிருந்து அவள் பேசியது அந்த இரண்டு வார்த்தைகள்தான்.

"பாப்பான்மா. இரு."

வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் முயன்றாள். ஆம்பூரின் அந்தச் சந்தில் டவர் என்பது வந்தால் உண்டு. சுற்றிக்கொண்டே இருந்தது. ஆற்றங்கரைச் சுடுகாட்டில் இன்னும் மோசம். பேச்சு மட்டும் போகும், படம் போகாது. எப்படியும் இந்த வீட்டுக்குள்ளேயே, இந்த நாற்பது நிமிடத்துக்குள் ஆக வேண்டிய காரியம்.

இந்த வீட்டில் நெட் சுற்றுவது புதிதல்ல. ரயில் பெட்டிபோல நீண்ட வீடு. பூர்ணிமா மாடியறையில் உட்கார்ந்து ஒரு ஏற்றுமதி கம்பெனிக்கு வேலை செய்கிறாள் என்பதால் அந்த எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய் ஃபைபர் நெட் போட்டார்கள். மாடிக்கு எட்டவில்லை என்று, ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மெஷ் வைஃபை டப்பாக்களை வாங்கிக் கூடத்தில் ஒன்றும் மாடியில் ஒன்றும் வைத்தார்கள். போன வருஷம் சம்பத், "என் ரூம்ல சிக்னல் கம்மி" என்று மூன்றாவது ஒன்றைப் பாதி விலைக்குப் பேசி வாங்கி, தெருப் பக்க ஜன்னலில் வைத்தார். தோல் தரகர், ஐந்து ரூபாய்க் கீரைக்கட்டையும் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை. அவர் படுத்திருக்கும் ஃப்ரீசர் பெட்டிதான் அந்த வீட்டுக்குள் பேரம் பேசாமல் வந்த முதல் பொருள்.

மூன்றாவது டப்பா வந்த பிறகுதான் ஸ்பீடு இன்னும் மோசமானது. மாதம் இரண்டு தடவையாவது பூர்ணிமா ஃபைபர்காரன் ஜெயசீலனைக் கூப்பிட்டுத் திட்டுவாள். அவனும், "பாக்குறேங்கா" என்று சொல்லிவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பான்.

அந்த ஜெயசீலன்தான் இப்போது மாலையோடு உள்ளே வந்தான். மாலையைப் பெட்டிமேல் வைத்து நிமிர்வதற்குள் பூர்ணிமா அவன் முன்னால் நின்றாள்.

"இன்னிக்காவது ஒழுங்கா குடுக்கக்கூடாதா ஜெயசீலா? என் தம்பி பாக்கணும்."

"லைன் நல்லாத்தான்கா வருது."

"அப்புறம் இன்னா கேடு?"

அவன் பெட்டியைப் பார்த்தான். இறந்தவரிடம் அனுமதி கேட்பதுபோல இருந்தது.

"அண்ணன் சொல்ல வேணாம்னாரு. ஆப் அவரு நம்பர்லதான் இருக்கு. உங்க போன்ல போட்டுத் தர்றேன், நீங்களே பாருங்க."

அப்பாவின் போன் அவள் கணவன் சூரியபிரகாஷ் சட்டைப்பையில் இருந்தது. வழி கேட்டு வரும் அழைப்பெல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. அதில் வந்த ஓடிபியை அவன் படித்துச் சொன்னான். பூர்ணிமா வைஃபையை மறுபடி போட, அவள் போனில் ஆப் திறந்தது.

இணைப்பில் உள்ளவை: 43.

அவர்கள் வீட்டில் மொத்தம் ஆறு. மீதியை விரலால் தள்ளிக்கொண்டே போனாள். தோல் கட்டின்மேல் சாக்பீஸால் குறிப்பதுபோல ஒவ்வொன்றுக்கும் அப்பா பெயர் எழுதி வைத்திருந்தார். 'ஹலீமா – ரியாத்.' 'மெஹக் – டாக்டர் படிப்பு.' 'மேகலா – தையல் வீடியோ.' 'அஃப்ரோஸ் – வேலை தேடுறான்.' 'ஆபித் பாஷா – சினிமா, ஸ்பீடு கம்மி பண்ணு.'

"லீவு நாளுல ஜாஸ்தி," என்றான் ஜெயசீலன் மெதுவாக. "இங்க வந்திருக்கறவங்க போன் எல்லாம் தானா புடிச்சுக்கும்கா. கீழ அந்த பட்டனை ஒரு தட்டு தட்டுங்க, மொத்தமா கட்டாயிடும். அப்புறம் பாஸ்வேர்டு மாத்திடலாம்."

பூர்ணிமாவின் விரல் பட்டன்மேல் நின்றது. மாடியறையில் மீட்டிங் பாதியில் அறுந்து, ஆபீசில் அசடு வழிந்த நாளெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. ஒரு தட்டு. நேரம் மூன்று முப்பத்தைந்து.

விரல் இறங்கவில்லை.

"இன்னா கண்ணு, மதி பாத்தானா?" பக்கத்தில் எதிர்வீட்டு ஹலீமா பீ. அழுத கண்ணோடு பூர்ணிமாவின் போனை எட்டிப் பார்த்தவள், தன் பெயரைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"உங்க ஜன்னலாண்ட நின்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட பேசிக்கினு இருந்தேன், ஒரு நாளு. மழை. மறுநாளே அந்த டப்பா ஜன்னலுக்கு வந்துடுச்சு."

"எங்ககிட்ட யாருமே சொல்லலையே அக்கா."

"சொன்னா புடுங்கிடுவேன்னு மிரட்டி வெச்சிருந்தாரு. மாசம் நூறு வாங்கிக்கங்கண்ணேன்னேன். ஐம்பதுக்கு மேல வாங்க மாட்டேன்னாரு. சரி எண்பதுன்னேன். அப்போ முப்பதுன்னாரு. நான் ஏத்த ஏத்த அவரு எறக்கறாரு. கடைசில, உன்னோட பேரம் பேசி ஜெயிக்க முடியாது, சும்மாவே எடுத்துக்கன்னுட்டு கதவைச் சாத்திக்கினாரு."

பூர்ணிமாவுக்குச் சிரிப்பு வந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கிறோமே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அவன் பாத்துட்டானா?" என்றாள் கெங்கம்மாள் மறுபடியும்.

ஹலீமா பீ யாரையும் கேட்கவில்லை. வாசலில் ஷாமியானாவுக்குக் கீழே போய் நின்றாள்.

"எல்லாரும் வைஃபைய ஆஃப் பண்ணுங்க. அண்ணன் மகன் பாக்கணும்."

எந்த வைஃபை என்று ஒருவரும் கேட்கவில்லை. நாற்காலிகள் நகர்ந்தன. சட்டைப்பையிலிருந்தும் இடுப்பிலிருந்தும் கைப்பையிலிருந்தும் போன்கள் வெளியே வந்தன. மெஹக் தெருவில் இறங்கி, வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு போனாள். மேளக்காரர்களிலும் ஒருவர் குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனை எடுத்தார். அவருக்குப் பாஸ்வேர்டு எப்போது கிடைத்தது என்பது சம்பத்துக்கே வெளிச்சம்.

முப்பது. பதினெட்டு. ஏழு. இரண்டு.

பூர்ணிமா தம்பியைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான். கண்ணாடி மூடியைச் சூரியபிரகாஷ் தூக்கிப் பிடிக்க, அவள் போனை அப்பாவின் முகத்துக்கு நேரே கொண்டுபோனாள். ஒரு கட்டமும் இல்லை. நெற்றியில் காசு, மூடிய கண், மூன்று நாள் வெள்ளைத் தாடி, இடது காதில் வளைந்து நின்ற ஒற்றை முடி வரை அப்படியே போனது.

மதியழகன் திரையோடு முகத்தை ஒட்டிக்கொண்டான். "ஷேவ் பண்ணலையா?" என்றான்.

"திங்கக்கெழம பண்ணிக்கறேன்னாரு."

"அம்மாவைக் காட்டு."

காட்டினாள். கெங்கம்மாள் திரையைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். "பாத்துக்கடா," என்றாள். வாய்க்கரிசி போடும்போதும் யாரும் போனை அணைக்கவில்லை. இங்கே ஒவ்வொருவரும் போடப் போட, அங்கே அவன் கையும் மூன்று தடவை எழுந்து தாழ்ந்தது.

நாலு மணிக்குத் தூக்கினார்கள். அதற்கு முன்னால் பூர்ணிமா வாசலுக்கு வந்தாள்.

"எல்லாரும் போட்டுக்கங்க," என்றாள். "அவன் பாத்துட்டான்."

உடனே யாரும் போனைத் தொடவில்லை. மரியாதைக்குக் கொஞ்சம் பொறுத்து, ஆபித் பாஷா முதலில் எடுத்தார்.

பெண்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள். மேளம் நகர்ந்தது. பூர்ணிமா கையிலிருந்த ஆப்பில் எண் மறுபடி நாற்பத்து மூன்றுக்கு ஏறியிருந்தது. ஊர்வலம் பள்ளிவாசலைத் தாண்டியபோது அது குறையத் தொடங்கியது. நாற்பது. முப்பத்து நாலு. இருபத்தாறு. தோள் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக ஜன்னல் டப்பாவின் எல்லையைக் கடந்துகொண்டிருந்தார்கள்.

பட்டியலின் உச்சியில் இதுவரை அவள் கண்ணில் படாத பெயர் ஒன்று இருந்தது. 'நான்.' அப்பாவின் போன், சூரியபிரகாஷின் சட்டைப்பையில் போய்க்கொண்டிருந்தது. தெருமுனை திரும்பியதும் அந்த எழுத்து பச்சையிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறியது.

உள்ளே கூடத்தைக் கழுவி விடும் தண்ணீர்ச் சத்தம்.

"எல்லாரும் போய்ட்டாங்களா?" என்றாள் கெங்கம்மாள்.

பூர்ணிமா இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள். போனது இருபத்து நாலு.

"இல்லம்மா. பத்தொம்போது பேரு இருக்காங்க."